1994-க்குப் பிறகு டோனி ரைஸ் ஏன் பாடவில்லை?

மரத்தந்தி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக அமெரிக்காவின் தெற்கு மலைநாட்டு இசையான புளூகிராஸைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். டோனி ரைஸ் என்ற பெயர் வரும் இடங்களில் எல்லாம் அவருடைய கிதார் வாசிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அவர் அறிமுகமானது குரல் வழியாக. 1983-இல் வெளிவந்த ‘சர்ச் ஸ்ட்ரீட் புளூஸ்’ தொகுப்பை ஓர் இரவு ஹெட்போனில் கேட்டேன். பெரும்பாலான பாடல்களில் ஒரு குரலும் ஒரு கிதாரும் மட்டுமே இருக்கின்றன. உணர்ச்சியைக் கூட்டிக் காட்டாமல், குழைவுகளை அடுக்காமல், சொல்லை அதன் எடையோடு வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகும் அந்தப் பாட்டு முறை என்னை விட்டு அகலவில்லை.

அதன் பின் அவருடைய பதிவுகளை ஆண்டு வரிசையில் கேட்டபோது, தொண்ணூறுகளின் நடுவில் குரல் நின்றுபோவதையும் கிதார் மட்டும் தொடர்வதையும் கவனித்தேன். தொண்டையில் ஏதோ நோய் என்று ஓரிடத்தில் ஒற்றை வரியில் படித்தேன். அந்த நோய் எப்படி வந்தது? தவிர்த்திருக்கக்கூடியதா? அவருடைய இசை வாழ்க்கையைப் பாடகராக ஒரு பாதி, வாத்தியக்காரராக மறுபாதி என்று பிரித்துப் பார்ப்பது சரியா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

நடுச்சுருதி எழுதியது:

நல்ல கேள்வி. பிரித்துப் பார்ப்பது சரியல்ல என்பது என் கருத்து. அதற்குத் தொடக்கத்திலிருந்தே வர வேண்டியிருக்கிறது.

ரைஸ் பிறந்தது 1951 ஜூன் 8-இல், வர்ஜீனியா மாநிலத்தின் டேன்வில் ஊரில். வளர்ந்தது கலிபோர்னியாவில். தந்தை பற்றவைப்புத் தொழிலாளி. வேலை நேரம் போக புளூகிராஸ் வாசித்தவர். சகோதரர்களும் இசைக்காரர்கள்தான். தெற்கு மலைநாட்டு இசையை லாஸ் ஏஞ்சலிஸில் இருந்துகொண்டு கற்ற அந்தப் பிள்ளைக்கு, ஒன்பது வயது இருக்கும்போது கிளாரன்ஸ் வைட் என்ற பதின்பருவ கிதார்க்காரரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. புளூகிராஸில் அதுவரை கிதாருக்குப் பெரும்பாலும் தாளம் பிடிக்கும் வேலைதான். ஃபிடில், மாண்டலின், பாஞ்சோ ஆகியவைதான் தனியாக முன்னால் வந்து வாசிக்கும். அந்த வழக்கத்தை மாற்றி, கிதாரையும் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் டாக் வாட்சனும் கிளாரன்ஸ் வைட்டும் முதன்மையானவர்கள். வைட்டின் கையில் அன்று இருந்தது மார்ட்டின் நிறுவனம் 1935-இல் செய்த டி-28 வகைக் கிதார். அதன் ஒலித்துளை வழக்கத்தைவிடப் பெரிதாக்கப்பட்டிருந்தது. சிறுவன் அதை வாசித்துப் பார்க்க அவர் அனுமதித்தார். பிற்பாடு அந்தக் கிதார் வைட்டின் கையை விட்டுப் போனது. 1973-இல் குடிபோதையில் ஒருவர் ஓட்டி வந்த கார் மோதி வைட்டும் இறந்துபோனார். 1975-இல் ரைஸ் அந்தக் கிதார் யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, 550 டாலருக்கு வாங்கினார். வாழ்நாள் முழுதும் அதுவே அவருடைய முதன்மை வாத்தியம்.

தொழில்முறை வாழ்க்கை 1970-இல் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தபோது தொடங்குகிறது. முதலில் புளூகிராஸ் அலையன்ஸ் குழுவில் வாசித்தார். 1971-இல் பாஞ்சோ மேதை ஜே.டி. குரோவின் குழுவில் சேர்ந்தார். அங்கே அவர் கிதார்க்காரர் மட்டுமல்ல, முதன்மைப் பாடகரும் அவரே. லெக்சிங்டன் நகர விடுதி ஒன்றின் கூடத்தில் வாரத்தில் பல இரவுகள் அந்தக் குழு வாசித்தது. அந்தப் பழக்கத்தில் விளைந்ததுதான் 1975-இல் வெளியான ‘ஜே.டி. குரோ அண்ட் தி நியூ சவுத்’ தொகுப்பு. ரிக்கி ஸ்காக்ஸ், ஜெர்ரி டக்ளஸ், பாபி ஸ்லோன் ஆகியோரும் அதில் உண்டு. ரவுண்டர் நிறுவனத்தின் வரிசை எண்ணைக் கொண்டு ‘0044’ என்று சொன்னாலே புளூகிராஸ்காரர்களுக்குப் புரியும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2024-இல் அது சேர்க்கப்பட்டது.

இதற்குப் பின் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. பாடகராகப் பெயர் எடுத்த அதே ஆண்டில் குரோவின் குழுவை விட்டு விலகி, மீண்டும் கலிபோர்னியா சென்று, பாட்டே இல்லாத டேவிட் கிரிஸ்மன் குவின்டெட்டில் சேர்ந்தார். ஜாஸும் புளூகிராஸும் கலந்த அந்த இசைக்கு அவருக்குத் தெரிந்த கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) போதவில்லை. ஜான் கார்லினியின் துணையோடு இசைக் கோட்பாட்டைக் கற்றார். அக்குழுவின் முதல் தொகுப்பு 1977-இல் வந்தது. 1979-இல் அதிலிருந்து விலகி, தன் பெயரில் டோனி ரைஸ் யூனிட் என்ற குழுவை அமைத்தார். அந்த ஆண்டில் வந்த ‘மன்சனீட்டா’ தொகுப்பில் பாஞ்சோவே கிடையாது. ஆனாலும் கேட்பவர் யாரும் அதைப் புளூகிராஸ் இல்லை என்று சொல்ல மாட்டார்.

எண்பதுகளில் அவர் ஒரே நேரத்தில் மூன்று வழிகளில் நடந்தார். ‘மார் வெஸ்ட்’, ‘ஸ்டில் இன்சைட்’, ‘பேக்வாட்டர்ஸ்’ என்று வாத்திய இசைத் தொகுப்புகள் ஒரு பக்கம். குரோ, டாய்ல் லாசன் முதலியோருடன் சேர்ந்து பழைய பாடல்களைப் பழைய முறையிலேயே பாடிய புளூகிராஸ் ஆல்பம் பேண்ட் இன்னொரு பக்கம். நாட்டுப்புறப் பாடலாசிரியர்களின் பாடல்களைத் தன் குரலுக்கு எடுத்துக்கொண்ட தனித் தொகுப்புகள் மூன்றாவது; நீங்கள் கேட்டது அவற்றில் ஒன்று. கனடாவின் கார்டன் லைட்ஃபுட் எழுதிய பாடல்களை இவர் பாடிய அளவுக்கு வேறு எந்தப் புளூகிராஸ் பாடகரும் தேடிப் பாடியதில்லை என்றே நினைக்கிறேன். ஒரு விளக்கம்: லைட்ஃபுட் பாடல்கள் மட்டும் கொண்ட தொகுப்பு 1996-இல் வந்திருப்பதைப் பார்த்து அப்போதும் அவர் பாடிக்கொண்டிருந்தார் என்று கருத வேண்டாம். அது முன்பே பதிவானவற்றின் திரட்டு.

1994-க்குப் பின் அவர் ஒதுங்கிவிடவில்லை. பீட்டர் ரோவன் பாட, இவர் வாசிக்க, இருவரும் சேர்ந்து தொகுப்புகள் வெளியிட்டார்கள். பன்னாட்டு புளூகிராஸ் இசைச் சங்கத்தின் சிறந்த கிதார்க் கலைஞர் விருதை, முன்பு பெற்றவற்றையும் சேர்த்து, மொத்தம் ஆறு முறை பெற்றார். கடைசி முறை 2007-இல். ஆகவே குரல் போன பின் கிதாரே அவருக்குக் குரலாக இருந்தது என்று சொல்லலாம்.

கரும்பலகை எழுதியது:

நோயைப் பற்றி நான் எழுதுகிறேன். எனக்கும் அதே நோய் வந்தது.

அதன் பெயர் தசை இறுக்கக் குரல் கோளாறு. குரல்நாண்களில் புண்ணோ கட்டியோ இல்லாமலே இது வரலாம். குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் தேவைக்கு மேல் இறுகப் பழகிவிடுகின்றன. பேச நினைத்த உடனே அவை தாமாகவே நெரிக்கத் தொடங்கிவிடும். நான் 26 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அறுபது பிள்ளைகள் கொண்ட வகுப்பில், பக்கத்து வகுப்பின் இரைச்சலையும் மீறிப் பேசியே பழகிய தொண்டை. ஒரு நாள் வருகைப் பதிவேட்டை வாசித்துக்கொண்டிருந்தபோது நான்காவது பெயரில் குரல் கரகரத்தது. ஏழாவது பெயரில் காற்று மட்டுமே வந்தது. நான் முதலில் பார்த்த மருத்துவர் சளி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இது என்ன நோய் என்று தெரியவே எட்டு மாதங்கள் ஆயின. பிறகு குரல் பயிற்சியால் ஓரளவு மீண்டேன். இன்றும் தொலைபேசியில் பத்து நிமிடத்துக்கு மேல் பேச முடியாது.

ரைஸின் இயல்பான குரல் நடுத்தரத் தாழ்குரல். ஆனால் புளூகிராஸின் தந்தையான பில் மன்றோ வகுத்துவைத்த மரபு, உச்சத்தில் பாடும் மரபு. பி சுருதி, அதாவது நம் பாடகர்கள் ஏழு கட்டை என்று சொல்வது, அங்கே வெகு சாதாரணம். தன் குரலுக்கு மேலே உள்ள அந்த உயரத்தில் ரைஸ் ஆண்டுக்கணக்கில், இரவுக்கு இரவு பாடினார். மேடையில் பாஞ்சோவுக்கும் ஃபிடிலுக்கும் மேலே கேட்கும்படியும் பாட வேண்டும். 1994-இல் ஒரு விழாவில் புளூகிராஸ் ஆல்பம் பேண்டுடன் பாடியதோடு மேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். நோய் பாட்டோடு நிற்கவில்லை. பேசும் குரலும் கரடுமுரடாகிவிட்டது.

தவிர்த்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுருதியை இறக்கியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். ஆனால் அந்தப் பாடல்களில் ஒரு விளிம்பு இருக்கிறது. குரல் தன் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்பது கேட்கும். குரோவின் குழுவில் அவர் பாடியதையும், நீங்கள் விரும்பும் 1983 தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பின்னதில் தனியாக இருக்கிறார், தனக்கு ஒத்த உயரத்தில் பாடுகிறார், தோள்கள் தளர்ந்திருப்பது போலவே எனக்குக் கேட்கிறது. அந்தத் தொகுப்பை நான் பேச முடியாதிருந்த மாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நாலாம்மெட்டு எழுதியது:

கரும்பலகை அம்மாவின் பதிலுக்கு நன்றி. நடுச்சுருதி அவர்களின் பதிலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏற்கிறேன். கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. கிதார் குரலின் இடத்தை நிரப்பியது என்று சொன்னால், இழந்தது அவ்வளவு பெரிதல்ல என்ற பொருள் வந்துவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் வாசிப்பைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவருடைய கிதாரின் மிகச் சிறந்த பகுதி அவருடைய பாட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

எல்லோரும் அவருடைய வேகமான தனிவாசிப்பைப் பேசுகிறார்கள். தாள வாசிப்பைக் கேளுங்கள். பி சுருதியில் பாட வேண்டுமென்றால் புளூகிராஸ் கிதார்க்காரர் கிதார்க் கழுத்தின் நாலாம் மெட்டில், தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் பூட்டி, ஜி கார்டின் விரல்பிடியிலேயே வாசிப்பார். திறந்த தந்திகளின் அதிர்வு அப்போதுதான் கிடைக்கும். சாதாரணமாக வாசிப்பவர் கீழ்த் தந்தியில் ஒரு அடி, மேல் தந்திகளில் ஒரு வீச்சு என்று மாறிமாறிப் போவார். ரைஸ் அப்படி ஒரே சீராக அடித்துக்கொண்டே போவதில்லை. பாட்டின் வரி ஓடும்போது கை ஒதுங்கி நிற்கும். வரி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில் நாலைந்து சுரங்கள் கோத்த ஒரு சிறு ஓட்டம் வந்து அடுத்த வரியின் முதல் சொல்லில் சரியாகப் போய் இறங்கும். அந்த இடைவெளி எங்கே வரும் என்பது பாடுகிறவனுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். ஒரே ஆள் பாடி ஒரே ஆள் வாசித்ததால் கிடைத்த துல்லியம் அது. ரோவனுடன் வாசித்த பதிவுகள் மிக நேர்த்தியானவை, நான் நேசிப்பவை. ஆனால் அங்கே கிதார் இன்னொருவருடைய மூச்சுக்குக் காத்திருக்கிறது.

அந்தக் கிதாரைப் பற்றி ஒன்று. 1993 மார்ச்சில் ஃபுளோரிடாவில் அடித்த பெரும்புயலின்போது வெள்ளம் அவர் வீட்டுக்குள் புகுந்தது; கிதார் நீரில் மூழ்கியது. பசையால் ஒட்டிய பழைய மரவாத்தியத்துக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. ஆனாலும் அதைக் காயவைத்துச் சீர்செய்து மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் குரல் போனது. மரத்தைச் சீர்செய்தது போல் அதைச் சீர்செய்ய முடியவில்லை.

நடுச்சுருதி எழுதியது:

உங்கள் மறுப்பை ஏற்கிறேன், நாலாம்மெட்டு. அந்த வரி அவசரமாக எழுதப்பட்டது. பாட்டின் அடியில் ஓடும் வாசிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பின் ‘மன்சனீட்டா’வை எடுத்துக் கேட்டேன், இத்தனை ஆண்டுகள் கேட்டும் நான் கவனிக்காத இடங்கள் அதில் இருக்கின்றன.

மரத்தந்தி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கரும்பலகை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு இரு தொகுப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன். தோள்கள் தளர்ந்திருப்பது எனக்கும் கேட்டது. இன்னும் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்தக் குரல் பிறகு ஒருபோதும் திரும்பவில்லையா?

கரும்பலகை எழுதியது:

பாடுவதற்குத் திரும்பவில்லை. பேசுவதற்கு ஒரே ஒரு முறை, சில நிமிடங்களுக்குத் திரும்பியது.

2013 செப்டம்பரில் வட கரோலைனாவின் ராலி நகரில், பன்னாட்டு புளூகிராஸ் இசைச் சங்கத்தின் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்துக்கொண்ட விழா நடந்தது. ஏற்புரையின் பெரும்பகுதியை அந்தக் கரடுமுரடான குரலில்தான் பேசினார். முடிவை நெருங்கும்போது, தன் உண்மையான குரலைத் திரும்பப் பெற முயன்று வருவதாகச் சொல்லி, சற்று நின்று, பேசினார். கரகரப்பு விலகி, பழைய தாழ்குரல் வெளியே வந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அதைக் கேட்காதிருந்த அரங்கம் எப்படி அமைதியானது என்பதை அதன் காணொளியில் பார்க்கலாம். சரியான இடத்தில் மூச்சை வைத்து, இறுக்கத்தை விட்டு, ஒரு வாக்கியத்தை முடிப்பது எவ்வளவு உழைப்பு என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தக் காணொளியை என்னால் முழுதாக ஒரே மூச்சில் பார்க்க முடிந்ததில்லை.

அதே நாளில் கிதாரும் வாசித்தார். முழங்கை வலியும் கைவலியும் முன்பே தொடங்கியிருந்தன. அதற்குப் பின் அவர் பொதுமேடையில் வாசிக்கவில்லை. 2020 கிறிஸ்துமஸ் நாள் காலையில், அதே மாநிலத்தின் ரீட்ஸ்வில் ஊரில் உள்ள தம் வீட்டில், காபி போட்டுக்கொண்டிருந்தபோது இறந்தார். வயது 69.