வாடகை கண்டெய்னர் ஆபீசுக்கு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் டர்பன் பக்கம் யாராவது?

வணக்கம். வெருலத்தில் கட்டட வேலை எடுத்திருக்கிறேன். சைட்டில் 6 மீட்டர் கண்டெய்னர் ஆபீஸ், மார்ச்சிலிருந்து மாத வாடகை. திருப்பி ஒப்படைக்கும்வரை இன்சூரன்ஸ் என் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்ததை இப்போதுதான் பார்த்தேன். போன வாரம் யாரோ கதவுப் பூட்டை நெம்பிப் பார்த்திருக்கிறார்கள், கம்பி போன தடம் அப்படியே இருக்கிறது.

கட்டட பாலிசி கேட்டால் "அஸ்திவாரம் இல்லையே" என்கிறார்கள். வண்டி பாலிசிக்கு நம்பர் பிளேட் இல்லை. ஒரு புரோக்கர் உள்ளே இருக்கும் லேப்டாப், ஏசிக்கு மட்டும் தருகிறார், பெட்டிக்குக் கிடையாது. கலவரத்துக்கு சாஸ்ரியா (தென்னாப்பிரிக்க அரசின் கலவர இன்சூரன்ஸ் நிறுவனம்) தனி, அது தெரியும் (2021 ஜூலையை மறக்க முடியுமா). 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கண்டெய்னர்கள் ரோட்டுக்கு வந்ததையும் பார்த்தவன்.

தீ, திருட்டு, வெள்ளம் மூன்றுக்கும் வாடகைப் பெட்டியையே சேர்த்து எந்த வகை பாலிசியில் போட்டீர்கள்?