ஓரமா போன்னு மட்டும் சொல்லாதீங்க

குழு: நம்ம வீடு, குன்னூர்
ஞாயிற்றுக்கிழமை

[காலை 10:42] நான்: எல்லாருக்கும் சொல்லிடறேன், மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏறி வரும்போது சைக்கிள்ல விழுந்துட்டேன், ஆனா எனக்கு பெருசா ஒண்ணும் ஆகல. வீட்டுக்கு வந்துட்டேன். முட்டியில சிராய்ப்பு, வலது உள்ளங்கையில தோல் உரிஞ்சிருக்கு. அம்மா ஆளாளுக்கு போன் போட்டுட்டு இருக்காங்க, அதனால இங்கயே சொல்றேன்.

[10:43] பெரியம்மா: என்ன கண்ணு ஆச்சு? உங்கம்மா அழுதுட்டே பேசுனா, ஒண்ணும் வெளங்கல

[10:44] அத்தை மேட்டுப்பாளையம்: காலையில அஞ்சே முக்காலுக்கு காபி குடிச்சுட்டு நல்லாத்தானே கெளம்புன பாப்பா! இட்லி ஆகட்டும்னு சொன்னேன், வெயிலுக்கு முன்னாடி ஏறணும்னு ஓடிட்ட

[10:49] நான்: ஆமா அத்தை. கல்லாறு வரைக்கும் நல்லாத்தான் வந்தேன். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி, இடது பக்கமா திரும்பி ஏறுறது. பின்னாடி ஒரு வெளியூர் கார், வளைவு ஆரம்பத்துலயே ஹாரன் அடிக்க ஆரம்பிச்சது. நிறுத்தவே இல்ல. வளைவுலயே என்னை முந்தப் பாத்தாங்க. மேல இருந்து லாரி இறங்குது. லாரியப் பாத்ததும் காரை அப்படியே என் பக்கம் ஒடிச்சுட்டாங்க. நான் தாரை விட்டு மண்ணுல இறங்கிட்டேன். திரும்ப ஏறப் பாத்தா முன்சக்கரம் தார் விளிம்புல உரசி சறுக்கிடுச்சு. பின்சக்கரம் கல்லுல மோதி டியூப் வெடிச்சது, ஒரு ஸ்போக்கும் போச்சு. கார் நிக்கவே இல்ல.

[10:50] அண்ணன் கோவை: நம்பர் பாத்தியா?

[10:50] நான்: இல்லண்ணா. வெள்ளைக் கார், அவ்வளவுதான் தெரியும். கீழ கெடந்தேன்.

[10:52] அம்மா: 🎤 குரல் பதிவு 0:41

[10:54] பெரியம்மா: உங்கம்மா சொல்றதுதான் எனக்கும் தோணுது. ஸ்கூட்டி வாங்கிக்கோ, சைக்கிள் வேண்டாம் சாமி

[10:57] மாமா கோத்தகிரி: ஓரமா போயிருக்க வேண்டியதுதானே பாப்பா? நடு ரோட்டுல ஏறுனா பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான்?

[11:09] நான்: மாமா, கோவமா எழுதறேன்னு நெனைக்காதீங்க. இந்த ஒரு வார்த்தைய மூணு வருஷமா கேக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஓரம்னு நீங்க சொல்றது காருக்குள்ள இருந்து பாக்கற ஓரம். நான் அதுல உருண்டு போறேன். தார் மேல தார் போட்டு, விளிம்பு மூணு விரல் உசரத்துக்கு படிக்கட்டு மாதிரி நிக்குது. ஒரு தடவை டயர் கீழ எறங்குனா, சாய்வா மேல ஏத்த முடியாது. இன்னைக்கு நான் விழுந்தது அப்படித்தான். என் டயர் அகலம் 25 மில்லிமீட்டர், உங்க கட்டைவிரல விட கொஞ்சம்தான் ஜாஸ்தி. ஓரத்துலதான் சல்லிக்கல், உடைஞ்ச கண்ணாடி, ஊத்துத் தண்ணி, பாசி எல்லாம். அடுத்து ஓடை.

அதுவும் இடது கொண்டை ஊசியில ஏறும்போது உள்பக்கம்தான் செங்குத்து. அதே உசரத்தை குட்டையான தூரத்துல ஏறியாகணும். சைக்கிள் அங்க நின்னே போயிடும். கொஞ்சம் வெளிய தள்ளி சுத்தி வந்தாத்தான் ஏற முடியும். அந்த பத்து செகண்டுதான் நான் கேக்கறது.

[11:15] சித்தப்பா: நான் சொல்றேன். இருபத்தேழு வருஷம் இதே மலையில பஸ் ஓட்டுனவன்.
பாப்பா அந்த வளைவுல வெளிய தள்ளி ஏறுனது சரி. பஸ்ஸே அப்படித்தான் ஏறும்

[11:17] சித்தப்பா: இன்னொண்ணு. பஸ், லாரி எதுவா இருந்தாலும் முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் போகாது. வளைவுல உள்ள வெட்டும். உள்பக்கம் ஒட்டி ஒரு சைக்கிள் இருந்தா, டிரைவருக்கு முன்னாடி இருக்கும்போது தெரியும், நடுவுல வந்துட்டா கண்ணாடியில கூட தெரியாது. நான் பயந்ததெல்லாம் எப்பவும் உள்பக்கம் ஒட்டுற டூவீலருக்குத்தான். பாப்பா, பெரிய வண்டி வளையும்போது அதோட இடது பக்கம் மட்டும் நுழையாத. நின்னுடு.

[11:18] நான்: சரிங்க சித்தப்பா. இத எனக்கு யாருமே சொன்னதில்ல.

[11:20] சித்தப்பா: மலையில ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும். வளைவுல முந்தக் கூடாது. நான் லைசென்ஸ் எடுத்த காலத்துல இருந்து இருக்கற விதி, 2017ல வந்த ஓட்டுநர் விதிமுறையிலயும் இருக்கு. சைக்கிள்னா வண்டி இல்லைன்னு எவன் சொன்னான்?
கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ரயிலுக்கே பல்சக்கரம் வேணும். அந்த மலைய ஒரு பொண்ணு காலால மிதிச்சு ஏறி வருது. பின்னாடி பத்து செகண்டு பொறுக்க முடியாதா

[11:23] அண்ணன் கோவை: சீசன்ல இன்னும் மோசம் சித்தப்பா. மே மாசம் குன்னூர் வழிய ஏற மட்டும், கோத்தகிரி வழிய இறங்க மட்டும்னு ஒருவழி ஆக்கிடறாங்கல்ல. எதிர்ல வண்டி வராதுன்னு தெரிஞ்சதும் ரெண்டு பக்கமும் கார்தான்

[11:25] நான்: அதனால மே மாசம் நான் அந்தப் பக்கமே போறதில்லண்ணா. 2024ல நீலகிரிக்கு வர்ற வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்தப்போ கொஞ்சம் நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். அது எத்தனை வண்டி வருதுன்னுதான் பாக்கும். எப்படி ஓட்டறாங்கன்னு யார் பாக்கறது?

[11:27] அத்தை மேட்டுப்பாளையம்: அப்புறம் எப்படி வீடு வந்த? என்னைக் கூப்பிட்டிருந்தா மாமாவ அனுப்பிருப்பேனே

[11:36] நான்: மொதல்ல நானே சரி பண்ணிடலாம்னு பாத்தேன் அத்தை. மாத்து டியூப் இருந்தது. மாட்டினேன். பம்ப் அடிச்சா காத்து ஏறல, வாய்ல இருக்கற ரப்பர் வாஷர் தேஞ்சு புஸ்ஸுன்னு பக்கவாட்டுல போகுது. சரி, பழைய டியூப்ப ஒட்டி வெச்சுக்கலாம்னு பஞ்சர் ஒட்டற சொல்யூஷன எடுத்தா, பசை அதோட ட்யூபுக்குள்ளயே கல்லு மாதிரி காஞ்சு கெடக்கு. தெறந்து ஆறு மாசம் ஆச்சு. கெளம்பறதுக்கு முன்னாடி பம்ப்ப ஒரு தடவை அடிச்சுப் பாத்திருக்கணும். இனிமே பாப்பேன்.

அப்போதான் ஒரு பிக்கப் வண்டி நின்னுச்சு. மேட்டுப்பாளையம் மண்டியில கேரட் எறக்கிட்டு காலியா ஏறுறாரு. ஒண்ணுமே கேக்கல. பின்னாடி கெடந்த காலிச் சாக்க மடிச்சு, கியர் பக்கம் அடிபடக் கூடாதுன்னு சைக்கிள இடது பக்கமா சாச்சு, அதுக்கு மேல படுக்க வெச்சாரு. கையில மண்ணு ஒட்டியிருக்குன்னு தண்ணி ஊத்தி கழுவ வெச்சாரு. காசு குடுத்தேன், வாங்கல. காட்டேரி பக்கம் போறவரு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து எறக்கிட்டுத்தான் போனாரு.

[11:37] அம்மா: அந்தத் தம்பி நல்லா இருக்கணும்

[11:38] பெரியம்மா: 🙏🙏

[11:41] சித்தப்பா: நேத்து இறங்கும்போது பிரேக் எப்படி இருந்தது? அதச் சொல்லு மொதல்ல

[11:46] நான்: சரியா கேட்டீங்க சித்தப்பா. கல்லாறுல நின்னு ரிம்ம தொட்டேன், விரல் வைக்க முடியல. பிரேக் கட்டை கரகரன்னு சத்தம். அத்தை வீட்டுல கழட்டிப் பாத்தா ரப்பர்ல அலுமினியத் துணுக்கு பதிஞ்சிருக்கு, மினுமினுன்னு. ரிம்மையே அது சீவுது. ஊசியால ஒவ்வொண்ணா நோண்டி எடுத்தேன், ஏழு துணுக்கு.

[11:50] சித்தப்பா: பிரேக்க பிடிச்சுட்டே இறங்கி இருக்க. பஸ்ல ஏறுன கியர்லயே இறங்கணும்பாங்க, இஞ்சின் பிடிச்சுக்கும். உனக்கு இஞ்சின் இல்ல. அதனால வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்திப் பிடி, வேகம் குறைஞ்சதும் விட்டுடு, காத்துல ஆறட்டும். ரிம் சூடேறுனா உள்ள டியூப் காத்தும் சூடாகி வெடிக்கும். மழையில இன்னும் முன்னாடியே பிடிக்கணும், மொத சுத்து தண்ணிய வழிக்கத்தான் சரியா இருக்கும்.
பின்னாடி லைட்டு எரியுதா?

[11:51] நான்: ராத்திரின்னா எரியும். பகல்ல போடறதில்ல.

[11:52] சித்தப்பா: இனிமே பகல்லயும் போடு. நம்ம ஊர் மூடுபனி மணி பாத்தா வருது? பஸ்ஸுக்கே நான் பகல்ல லைட்டு போட்டுத்தான் ஏறுவேன். ஜாக்கெட்டும் அந்தப் பச்சைய விடு, தேயிலையோட தேயிலையா தெரியுது. ஆரஞ்சு வாங்கு.

[11:53] நான்: வாங்கிடறேன் சித்தப்பா.

[12:04] மாமா கோத்தகிரி: பாப்பா, படிச்சேன். போன வாரம் அரவேணு பக்கம் ஒரு பையன் சைக்கிள்ல ஏறிட்டு இருந்தான். நான் ஹாரன் அடிச்சுட்டே பின்னாடி போனேன், அவன் ஓடைக்குள்ள எறங்கி நின்னுட்டான். எனக்கு அப்போ ஒண்ணும் தோணல. இப்போ தோணுது.

[12:06] நான்: ஹாரன் வேண்டாம் மாமா. அது கேட்டா உடம்பு தானா ஓரத்துக்கு ஒடியுது, விழறதே அப்போதான். நேர் ரோடு வரும் வரைக்கும் ரெண்டு கார் தூரம் பின்னாடி வாங்க. முந்தும்போது கையை நீட்டினா படாத அளவுக்கு எடம் விட்டுப் போங்க. அது போதும்.

[12:07] மாமா கோத்தகிரி: சரிம்மா. கைக்கு மஞ்சள் வெக்காத, டிடி ஊசி போட்டுக்கோ

[12:10] அம்மா: நான் ஓட்டவே வேண்டாம்னு சொல்லல. தனியா ஏறாதன்னுதான் சொல்றேன். உங்க சித்தப்பா பேசறதக் கேட்டா இவளுக்கு இன்னும் தைரியம்தான் வரும்

[12:12] சித்தப்பா: அடுத்த வாரம் நான் வண்டியில பின்னாடியே வர்றேன் அண்ணி. வளைவு வளைவா நிறுத்திக் காட்டறேன். எங்க உள்ள போகணும், எங்க வெளிய தள்ளணும்னு பாத்துக்கட்டும். நீங்களும் வாங்க.

[12:13] அம்மா: வர்றேன்

[12:15] அண்ணன் கோவை: சைக்கிள் ரெடி ஆகணுமே அதுக்கு. எந்தப் பக்கத்து ஸ்போக்?

[12:19] நான்: பின்சக்கரம், செயின் பக்கம். சக்கரத்து நடுவுல இருக்கற ஹப் கிட்ட கழுத்துல ஒடிஞ்சிருக்கு. 📷 படம்
பின்சக்கரத்துல இருக்கற பல்சக்கர அடுக்கு, அதான் கேசட், அதக் கழட்டாம மாட்ட முடியாது. இங்க கடையில கேட்டேன், அந்த டூல் இல்லையாம்.

[12:20] அண்ணன் கோவை: நீளம்?

[12:24] நான்: ஸ்கேல் வெச்சு அளந்தேன். செயின் பக்கம் 290 மில்லிமீட்டர், அந்தப் பக்கம் 292. 290ல மூணு வாங்கிடுண்ணா, ஒண்ணு ஒடிஞ்சா பக்கத்துலயும் தளர்ந்திருக்கும். கேசட் கழட்டற டூல், பம்ப்புக்கு வாஷர், புது சொல்யூஷன் ரெண்டு.

[12:26] அண்ணன் கோவை: நாளைக்கு சாயங்காலம் ஊட்டி பஸ்ல குடுத்து விடறேன். ஏழு மணிக்கு குன்னூர் ஸ்டாண்டுல நில்லு

[12:27] அத்தை மேட்டுப்பாளையம்: பஸ் இங்க நிக்கும்போது நானும் ஒரு டப்பா ஏத்தி விடறேன். இட்லிப் பொடி