320டி கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டு வாசல்ல மாத்தலாமா, கூடாதா?

செக்காலை ரோடு:
வண்டி 2014 பிஎம்டபிள்யூ 320டி ஆட்டோமேட்டிக், 96,000 கி.மீ. கியர்பாக்ஸ் ஆயில் இதுவரை மாத்தலை. கம்பெனி "ஆயுசுக்கும் அதே ஆயில்"ங்குது. சர்வீஸுக்குப் போகணும்னா மதுரை, திருச்சி ரெண்டுமே காரைக்குடிக்கு 90 கி.மீ. சுமார், ஒரு நாள் போயிடும். வாசல்ல ஜாக்கி ஸ்டாண்டு போட்டு வண்டியைத் தூக்கி நிறுத்திச் செய்யலாமா? கூடாதுங்கிறவங்க காரணத்தோட சொல்லுங்க.

பள்ளத்தூர் டார்க்:
தாராளமாச் செய்யலாம். அந்தப் பெட்டியைச் செஞ்சது இசட்எஃப், எட்டு கியர். ஓட்டுற விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள்ள, இல்லேன்னா 8 வருஷத்துல மாத்துன்னு செஞ்சவனே சொல்றான். உங்க வண்டி ரெண்டு கணக்குலயும் வந்தாச்சு.

ஃபில்டர் தனியா வராது. பிளாஸ்டிக் சேம்பரோட (பெட்டிக்கு அடியில இருக்க ஆயில் தட்டு) ஒட்டுனாப்புல இருக்கும், அதனால சேம்பரையே மாத்தணும். இசட்எஃப் கிட்டா வாங்குனா சேம்பர், கேஸ்கெட், போல்டு, 7 லிட்டர் லைஃப்கார்டு 8 எல்லாம் வந்துடும். அந்த ஆயில் பச்சை நிறம். கடையில "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒண்ணுதான்"னு டெக்ஸ்ரான் 3 நீட்டினா வாங்காதீங்க, அது இதைவிடக் கெட்டி.

முதல்ல ஃபில்லர் பிளக் (ஆயில் ஊத்துற வாய் மூடி), அடுத்து டிரெயின் பிளக் (இறக்குற வாய் மூடி), அப்புறம் சேம்பர் போல்டு (டி-40 டார்க்ஸ், நட்சத்திர வடிவச் சாவி). இந்த வரிசைதான். டிரெயின் பண்ணிட்டு ஃபில்லர் திறக்கலேன்னா வண்டி வாசல்லயே குடியிருக்கும்.

தேவகோட்டை லிஃப்ட்:
டார்க் தம்பி சுலபமான பாதியை மட்டும் சொல்லிட்டார். ஆயிலை இறக்குறது பையன் வேலை. மட்டம் பிடிக்கிறதுதான் மேஸ்திரி வேலை. இதுல டிப்ஸ்டிக் (அளவு பார்க்குற குச்சி) கிடையாது. எஞ்சின் ஓடணும், ஆயில் சூடு 30-லிருந்து 50 டிகிரிக்குள்ள இருக்கணும், ஃபில்லர் வாயில மெல்லிசா ஒழுகுற நேரத்துல பிளக்கை மூடணும்.

கத்திரி வெயில்ல காரைக்குடியில மத்தியானம் நிழலே 39, 40. எஞ்சினைத் தட்டுறதுக்கு முன்னாடியே ஆயில் 40-ல நிக்குது. ஆர் (ரிவர்ஸ்), டி (டிரைவ்) போட்டுப் பார்த்து, கைப்பம்புல ஆயில் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள 50-ஐத் தாண்டிடும். ஆயில் விரிஞ்சு கூடுதலா வழியும், நீங்க மூடுவீங்க, ஆறினதும் உள்ள குறைச்சலா நிக்கும். லிஃப்ட்டும் ஸ்கேனரும் உள்ள இடத்துல செய்யுங்க.

பள்ளத்தூர் டார்க்:
அண்ணே, கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டியில மொத்தம் 9 லிட்டர் சுமார். 10 டிகிரி ஏறினா விரியுறது 70 மில்லி போல. 60-ல மூடினாக்கூட அரை டம்ளர் குறையும், அவ்வளவுதான். அதுக்குக் கியர்பாக்ஸ் செத்துடாது. விடியக்காலை 5 மணிக்கு ஆரம்பிச்சா கத்திரியிலயும் ஆயில் 30-க்குள்ளதான் இருக்கும். சூட்டை ஓபிடி டாங்கிள் (வண்டி கம்ப்யூட்டர் சாக்கெட்ல சொருகுற சின்னக் கருவி) வச்சுப் போன்லயே பார்க்கலாம். ஆனா அந்த ஆப் கியர்பாக்ஸ் ஆயில் சூட்டைத் தனியாக் காட்டணும். எஞ்சின் கூலன்ட் சூட்டைப் பார்த்து மூடினா தப்பு.

தேவகோட்டை லிஃப்ட்:
சூட்டை விடுங்க, சரி. சாய்வுக்கு என்ன பதில்? நம்ம வீட்டு வாசல் எல்லாமே மழைத் தண்ணி தெருவுக்கு ஓடட்டும்னு சரிவா விட்டது. முன்பக்கம் மட்டும் ஜாக்கி ஏத்தினா ஆயில் பின்னால போயிடும், ஃபில்லர் வாய் காட்டுற மட்டம் சுத்தப் பொய். அதுல அரை டம்ளர் இல்ல, அரை லிட்டருக்கு மேலயே தப்பலாம். குறைஞ்சா பெட்டிக்குள்ள இருக்க பம்பு காத்து இழுக்கும், டி போட்டதும் ஒரு நொடி யோசிச்சு "டக்"னு பிடிக்கும், திருப்பத்துல நழுவும். கூடினா நுரைச்சு, அதுவும் காத்துதான்.

பள்ளத்தூர் டார்க்:
இது நியாயமான கேள்வி. நாலு ஸ்டாண்டும் போடணும், ரேம்ப் ஆகாது. மட்டத்துக்குக் கொத்தனார் வச்சிருக்க தண்ணி டியூப் போதும். டியூபை வண்டி அடியில விட்டு, நாலு ஜாக் பாயின்ட்லயும் சில் ஓரத்துக்கும் (கதவுக்குக் கீழ இருக்க விளிம்பு) தண்ணி மட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளங்க. நாலும் ஒண்ணா வர்ற வரைக்கும் ஸ்டாண்டை ஏத்தி இறக்குங்க.

இன்னொண்ணு, ஆத்தங்குடி கல்லு பதிச்ச போர்ட்டிகோவுல ஸ்டாண்டு வைக்காதீங்க. சின்னக் கால் ஒவ்வொண்ணுலயும் 350, 400 கிலோ இறங்கும், கல்லு விரிசல் விடும். சிமென்ட் கல்லு ஆயிலையும் குடிச்சுக்கும், கறை போகாது. வேற தரை இல்லேன்னா 18 மி.மீ. பிளைவுட் துண்டு, அது மேல ஸ்டாண்டு.

கோட்டையூர் பழசு:
நீங்க ரெண்டு பேர் சொல்றதும் ஆகாதுங்கிறேன். பழைய ஆயில்ல கிளட்ச் தூள் மிதக்கும், அந்தச் சொரசொரப்புலதான் தேஞ்ச கிளட்ச் பிடிச்சுக்கிட்டிருக்கு. புது ஆயில் ஊத்தினதும் நழுவும். ஓடுற வண்டியைத் தொடாதே.

தேவகோட்டை லிஃப்ட்:
இதுல நான் டார்க் தம்பி பக்கம். ஆயில் மாத்தினதால கிளட்ச் தேயாது, ஏற்கெனவே தேஞ்சது வெளிய தெரியும். நழுவுற பெட்டிக்கு ஆயில் மருந்தாகாதுங்கிறது மட்டும் உண்மை. இறக்கின சேம்பர்ல காந்தத்தைப் பாருங்க. சாம்பல் நிறத்துல மசி மாதிரி, விரல்ல தேய்ச்சா வழவழன்னு இருந்தா சாதாரணத் தேய்மானம். நறநறன்னு துகள் தட்டுப்பட்டாலோ மின்னுற செதில் கிடந்தாலோ புது ஆயிலை ஊத்தாம நிறுத்துங்க.

மெஷின் வச்சு ஃப்ளஷ் அடிக்கிறதும் (பழைய ஆயில் முழுசையும் தள்ளி வெளியேத்துறது) இதுக்கு வேண்டாம். இறக்கினா 5 லிட்டர் போல வரும், டார்க் கன்வர்ட்டர்லயும் (எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியா இணைக்கிறது) ஆயில் கூலர்லயும் 4 லிட்டர் தங்கும். அதாவது 44 சதவீதம் பழசு. சில ஆயிரம் கி.மீ. ஓட்டிட்டு இன்னொரு தடவை ஆயில் மட்டும் இறக்கி ஊத்தினா 20 சதவீதத்துக்கு வந்துடும்.

கோட்டையூர் பழசு:
அப்ப ரெண்டு தடவை செலவு. அதைச் சொல்லுங்க முதல்ல.

செக்காலை ரோடு:
இறுக்குற கணக்கு?

பள்ளத்தூர் டார்க்:
சேம்பர் போல்டு 10 நியூட்டன் மீட்டர், நடுவுல ஆரம்பிச்சு குறுக்கும் மறுக்குமா. பிளாஸ்டிக் டிரெயின் பிளக் 8. ஃபில்லர் 35. வீல் நட்டுக்கு வச்சிருக்க அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் இங்க ஆகாது, அதுல பெரும்பாலும் இவ்வளவு கீழ அளவே இருக்காது. கைக்கணக்குல இறுக்கினா சேம்பர் காது உடையும், இல்ல கோணிக்கிட்டு ஒரு மாசத்துல கசியும். ஒட்டுற முகத்தைப் பஞ்சு பிரியாத துணியால துடைங்க. நம்ம செம்மண் தூசி ஒரு சிட்டிகை வால்வு பாடிக்குள்ள (ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாத்துற பகுதி) போனாலும் வினை. சேம்பர் கழட்டிக் கிடக்குற நேரத்துல வாசல் பெருக்க விடாதீங்க.

எஞ்சின் நின்ன நிலையில ஒழுகுற வரைக்கும் பம்பு அடிச்சு, ஸ்டார்ட் பண்ணினதும் மறுபடி அடிங்க. ஒருத்தர் உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஆர், டி ரெண்டுலயும் பத்துப் பத்து வினாடி வைக்கணும், அப்புறம் பி (பார்க்கிங்).

தேவகோட்டை லிஃப்ட்:
அந்த ஆளு பெல்ட் போட்டே உக்காரணும். கதவைத் திறந்து, பெல்ட்டும் இல்லாம, பெடல்ல காலும் இல்லேன்னா வண்டி தானா பி-க்குப் போயிடும். டி-யில பின்சக்கரம் அந்தரத்துல சுத்தும்கிறதையும் மறக்காதீங்க, கீழ படுத்திருக்கிறது நீங்க. பிளக் மூடுற வரைக்கும் எஞ்சினை நிறுத்தவே கூடாது. நிறுத்தினா உள்ள மட்டம் ஏறி, ஊத்துனதெல்லாம் மூஞ்சியில கொட்டும்.

இறக்கின ஆயிலை வாய்க்கால்ல விடாதீங்க. ஊருக்குள்ள வாய்க்கால் போய்ச் சேர்றது ஊருணிக்கு. கேன்ல பிடிச்சு, பழைய எஞ்சின் ஆயில் எடுக்கிறவங்ககிட்டக் கொடுங்க.

செக்காலை ரோடு:
இப்பத்தான் டியூப் பிடிச்சுப் பார்த்தேன். தரையில முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 6 செ.மீ. வித்தியாசம். தெருப்பக்கம்தான் இறக்கம்.

தேவகோட்டை லிஃப்ட்:
ஸ்டாண்டுல ரெண்டு, மூணு பல்லுல சரிக்கட்டிடலாம். ஆனா சரிவுல நிக்கிற வண்டியைத் தூக்குறப்ப ஸ்டாண்டு வழுக்கும், அதான் எனக்குப் பயம். பின்கட்டு வழியா அடுத்த தெருவுக்கு வாசல் இருந்தா அங்க தரை எப்படின்னு பாருங்க.

பள்ளத்தூர் டார்க்:
கிட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி ஃபில்லர் பிளக் திரும்புதான்னு பார்த்துடுங்க. கால் சுத்து லூஸ் பண்ணி அப்பவே இறுக்கிடணும், முழுசாக் கழட்டாதீங்க. திரும்பலேன்னாலோ ஆலன் கீ உள்ள சுத்தினாலோ, வண்டியை லிஃப்ட் அண்ணன் சொல்ற மாதிரி மதுரைக்கே ஓட்டிட்டுப் போங்க.