காண்டா வாளியும் கடைசி பெர்ரியும்: என் மெட்டுகள் வந்த வழி

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். சாக்ஸபோன் வாசிக்கிறேன், ஆல்ட்டோ. கல்யாணம், வரவேற்பு, கோயில் திருவிழா என்று பினாங்குக்கும் இந்தப் பக்கத்துக்கும் அலைந்தே 20 வருடம் போய்விட்டது; அதில் வாசித்ததெல்லாம் சினிமாப் பாட்டு. 2021க்கும் 2023க்கும் நடுவில் சொந்த மெட்டுகள் ஆறு பதிவு செய்தேன். பாட்டு என்று சொன்னாலும் வார்த்தை கிடையாது, வாசிப்பு மட்டும். கேட்டவர்கள் எல்லோரும் இது எப்படித் தோன்றியது என்றுதான் விசாரிக்கிறார்கள். எனக்கு எதுவும் தோன்றியதில்லை, காதில் விழுந்ததுதான். யாரோ வேலை செய்யும்போது வந்த சத்தம், எங்கேயோ தெருவில் வந்த சத்தம், அதன் பின்னாலேயே போனேன். அவ்வளவுதான் என் கதை.

முதலில் 'காண்டா வாளி'. அம்மா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீடு. விடிவதற்கு முன்னாலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பிவிடுவார், காண்டாக் கம்பு தோளில், இரண்டு முனையிலும் தகர வாளி. காலி வாளி என்பதால் அவர் நடக்க நடக்கக் கைப்பிடி விளிம்பில் தட்டும். டக்-டங், டக்-டங். நான் பாயில் படுத்தபடியே அது செம்மண் பாதையில் திரும்பி மறையும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். பள்ளி விடுமுறையில், மரத்தில் பால் வடியும் மங்கு என்ற கிண்ணங்களைத் துடைக்கக் கூடவே போவேன். வெயில் ஏறியதும் பாலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்புவோம், அப்போது வாளி நிறைந்திருக்கும், தட்டும் சத்தமே வராது, கம்பு மட்டும் கிறீச் கிறீச்சென்று முனகும். அம்மாவின் நடையும் மாறிவிடும். பால் தளும்பிச் சிந்தக் கூடாதென்று சின்னச் சின்ன எட்டாக வைப்பார்.

மெட்டும் அப்படியே. முதல் பாதியில் தாளத்துக்கு ஒரு பழைய தகர வாளியையே ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாம் பாதியில் வாளி நின்றுவிடும், ஸ்வரங்கள் நெருங்கி வரும். பதிவுக்கு முன்னால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆரம்பத்துல இவ்வளவு வேகமா போக முடியாதுப்பா, இருட்டு, பாம்பு கிடக்கும், பாத்து பாத்துத்தான் காலை வைப்போம்" என்றார். நிமிடத்துக்கு 96 தட்டு வைத்திருந்தேன், 80க்கு இறக்கினேன். அதற்கப்புறம்தான் அது அம்மாவின் நடையாக ஆனது.

'கடைசி பெர்ரி' வேறு மாதிரி. தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஓடிய பழைய இரண்டடுக்கு பெர்ரிப் படகுகளுக்கு 2020 டிசம்பர் 31தான் கடைசி நாள். (மறுநாளிலிருந்து வேகப் படகு, 2023 ஆகஸ்டில்தான் புதிய பெர்ரிகள் வந்தன.) அன்று முகக்கவசத்தோடு ஏறி, போனில் ரெக்கார்டரை ஓட விட்டுவிட்டு கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போனது இந்தப் பெர்ரியில்தான், வாத்தியம் வாங்க 600 ரிங்கிட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனதும் இதில்தான். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, ஹாரனைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், அந்த ஹாரன் என் ஆல்ட்டோவின் அடி ஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்றது. வாசிப்பவர்களுக்குத் தெரியும், எல்லா மூடிகளையும் அடைத்து எடுக்கும் அந்தக் கடைசி ஸ்வரத்தைச் சத்தமாக ஊதுவது சுலபம், மெதுவாக எடுப்பதுதான் உயிர் போகும் வேலை. உதடு கொஞ்சம் இறுகினாலும் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். ஆனால் தூரத்தில் போகும் பெர்ரி மெதுவாகத்தானே கேட்கும்! ஊதும் முனையில் அதிரும் நாக்கான ரீட்டை மூன்றாம் எண்ணிலிருந்து இன்னும் மென்மையான இரண்டரைக்கு மாற்றினேன், தினமும் ராத்திரி அந்த ஒரே ஸ்வரம், மூன்று மாதம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நாள் வேலியோரம் நின்று, "இன்னிக்குத் தூரமாப் போயிடுச்சு தம்பி" என்றார். மறு வாரமே பதிவுக்குத் தேதி வாங்கினேன்.

பதிவில் ஒரு மனக்கசப்பும் உண்டு. எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. முதலில் போன ஸ்டூடியோவில், என்னைக் கேட்காமலே, ஸ்ருதி திருத்தும் மென்பொருளில் போட்டு என் கமகங்களை எல்லாம் நேராக்கிவிட்டார்கள். ரி-யிலிருந்து க-வுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டியது படிக்கட்டு ஏறுவது மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் காதுக்கு அது பிசிறு. எனக்கோ அதுதான் பாட்டே. சாக்ஸில் கமகம் சும்மா வராது. புல்லாங்குழல் என்றால் விரலால் துளையைப் பாதி திறக்கலாம், இதில் துளைக்கு மேல் மூடி, ஆகவே பாதி வேலையைத் தாடையும் உதடும்தான் செய்ய வேண்டும். கர்நாடக இசையைச் சாக்ஸபோனில் வாசித்த கத்ரி கோபால்நாத் அதற்காகவே கருவியில் மாற்றம் செய்துகொண்டவர். நாதஸ்வர வித்வானின் மகன், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர், 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி நடத்தும் ப்ராம்ஸ் இசை விழா மேடையில் கர்நாடக இசை வாசித்தார். அவர் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவன் நான். 2019 அக்டோபரில் அவர் காலமான செய்தி வந்த ராத்திரிதான் சொந்தமாக ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படிப்பட்டவனிடம் கமகத்தை எடுத்துவிட்டால்? கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று வேறு இடத்தில் முதலிலிருந்து வாசித்தேன். அங்கேயும் நம் ஊர் ஈரத்தில் ஜி ஷார்ப் மூடி ஒட்டிக்கொண்டு படுத்தியது, ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் சிகரெட் சுற்றும் மெல்லிய தாளை மூடிக்கடியில் வைத்து அழுத்தி எடுத்தோம். ஆனால் அங்கே பதிவு செய்த பையன் ஒரு கமகத்தைக்கூடத் தொடவில்லை.

'ஏழாம் மாதம்' பற்றிச் சுருக்கமாக. சீன நாட்காட்டியில் ஆவிகளுக்கான ஏழாம் மாதத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் மேடை போட்டு ஓபரா நடத்துவார்கள், முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விட்டிருப்பார்கள். நாதஸ்வரம் வாசிக்கும் என் மாமாவோடு ஒரு தடவை அந்த வழியாக வந்தேன். சுவோனா என்று ஒரு குழல், நம் நாதஸ்வரச் சீவாளி மாதிரியே இரட்டை நாக்கு. மாமா மோட்டாரை ஓரங்கட்டிவிட்டு, "மோகனம்டா இது" என்றார். அதே ஐந்து ஸ்வரம்தான். அந்த மெட்டில் மாமாவும் வாசித்திருக்கிறார்.

மற்ற மூன்றும் இன்னும் எனக்கே முழுசாகப் பிடிபடவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

*

பதில், செந்தூலிலிருந்து:

அண்ணா, போன வருடம் என் சித்தி மகள் வரவேற்பில் வாசித்தது நீங்கள்தானா? சாப்பாட்டு நேரத்தில் வார்த்தை இல்லாமல் ஒன்று வாசித்தீர்கள். எங்கள் தாத்தா பகாங் பக்கம் தோட்டத்தில் இருந்தவர், காது சரியாகக் கேட்காது. ஆனால் அந்தத் தகரச் சத்தம் வந்ததும் என்னைத் தொட்டு, "யாரு வாளியோட போறா?" என்று கேட்டார். யாரோ சமையல்காரர் என்று சொல்லி அவரை உட்கார வைத்துவிட்டேன். இப்போது இதைப் படித்ததும் மனசு என்னவோ செய்கிறது. அந்தப் பதிவை எனக்கு அனுப்ப முடியுமா? தாத்தாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட வேண்டும்.

பதில், பட்டர்வொர்த்திலிருந்து:

தம்பி, நான் பெர்ரியில் வேலை பார்த்தவன். ஹாரன் சரிதான். ஆனால் எங்களுக்கு அதைவிடப் பழக்கமான சத்தம் ஒன்று உண்டு. கரையில் பாலம் இறங்கியதும் வண்டிகள் இரும்புத் தகட்டின் மேல் ஏறும் பாருங்கள், தடக் தடக் என்று. சின்ன கார் ஒரு மாதிரி கேட்கும், வேன் ஒரு மாதிரி கேட்கும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் என்ன வண்டி என்று சொல்லிவிடுவோம். அது உங்கள் மெட்டில் இருக்கிறதா?

என் பதில்:

தங்கை, இன்று ராத்திரியே அனுப்புகிறேன். வரவேற்பில் வாசித்தது நான்தான். தாத்தா என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அண்ணே, இல்லை. அன்று போனில் பதிவு செய்ததைத் திரும்பப் போட்டுக் கேட்டேன், கடைசியில் இருக்கிறது, நான்தான் ஹாரனோடு நிறுத்தி மீதியை வெட்டிவிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பீர்களா? போனைக் கொண்டுவருகிறேன். எது கார், எது வேன் என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன்.