ஒரே ரவுட்டர், மொபைலில் வேகம், லேப்டாப்பில் மந்தம்: ஏன்?

வணக்கம் நண்பர்களே. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தாலும் மொபைல் இணைப்பு வேகம் 433 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது, லேப்டாப் 72தான். மொபைல் இருப்பது 36ஆம் சேனல், அதாவது 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டு (வைஃபை அலைவரிசை). லேப்டாப் 6ஆம் சேனலில், 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில். 2.4 சுவர் தாண்டித் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். 5 வேகமானது, சுவர் வந்தால் சீக்கிரம் பலவீனமாகிவிடும். சரி, இதுவரை புரிகிறது.

ரவுட்டரில் இரண்டு பேண்டுக்கும் ஒரே வைஃபை பெயர் இருந்தது. அதைத் தனித்தனிப் பெயராகப் பிரித்துப் பார்த்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் லேப்டாப்பில் தெரியவே இல்லை. அதன் வைஃபை கார்டு 2.4 மட்டும்தானா, இல்லை டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) புதுப்பித்தால் வருமா? இரண்டையும் பிடிக்கும் யுஎஸ்பி அடாப்டர் போட்டால் போதுமா? மகளின் ஆன்லைன் வகுப்பு அந்த லேப்டாப்பில்தான், நடுவில் நின்றுபோனால் பாவமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.