புதுப்பிப்பு: 'சேலம்' தேடினால் சேலையும் வருகிறது

எங்கள் துணிக்கடைப் பட்டியலின் குறிப்புகளில் ஓர் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று எக்செலில் கண்டறிய, சொல்லைத் தேடும் 'சர்ச்' சார்பை (ஃபங்ஷன்), விடை எண்ணா என்று சோதிக்கும் 'இஸ்நம்பர்' சார்புக்குள் வைத்தால் போதும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். சொல் கிடைத்தால் சர்ச் அதன் இடத்தை எண்ணாகவும், கிடைக்காவிட்டால் பிழையாகவும் தருவதால் அந்த அடிப்படை சரியே. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபேற்று மாறுவதைத்தான் நான் கருதவில்லை.

'சேலம்' என்று தேடியபோது 'சேலத்தில்', 'சேலத்துக்கு' என்றிருந்த வரிகள் விடுபட்டன. 'சேல' என்று சுருக்கியபோதோ, யூனிகோடு என்னும் கணினி எழுத்துக் குறிமுறையில் ஐகாரக் குறி லகரத்துக்குப் பின் தனிக் குறியீடாகச் சேமிக்கப்படுவதால், 'சேலை' என்ற சொல் வரும் வரிகளும் சேர்ந்துகொண்டன. இப்போது 'சேலம்', 'சேலத்த' ஆகிய இரண்டையும் தனித்தனியே சோதித்து இரண்டில் ஒன்று பொருந்தினாலும் ஏற்கும் 'ஆர்' சார்பால் இணைத்திருக்கிறேன். விடுபட்ட வரிகள் வந்துவிட்டன, சேலைகள் நீங்கிவிட்டன.

வேலூருக்கு வேறு சிக்கல். நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரும் அதில் அகப்படுவதால், முதலில் உரையில் ஒன்றுக்குப் பதில் வேறொன்றை இடும் 'சப்ஸ்டிடியூட்' சார்பால் அந்த முழுப்பெயரை நீக்கிவிட்டு, எஞ்சிய உரையில் தேடுகிறேன்.

தேடுசொல்லைத் தனிக் கட்டத்தில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அக்கட்டம் வெறுமையாக இருந்தால் சர்ச் 1 என்று விடை தரும் என்பதால், உரையுள்ள எல்லா வரிகளும் பொருந்தியதாகவே காட்டப்படும். ஆகவே கட்டம் நிரம்பியிருக்கிறதா என்பதை 'இஃப்' கொண்டு முதலில் சோதியுங்கள்.