ஒரு வகுப்புக்கு ஒன்பது பதிவு விழுகிறது (காலண்ட்லி – என்8என் – வேர்ட்பிரஸ்)

கோணமானி:

வணக்கம். 31 வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்டவன், இப்போது ஓய்வு. சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு இணையத்தில் வடிவியல் சந்தேக வகுப்பு நடத்துகிறேன். காசு கிடையாது. 12 பேர்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் யார் முழிக்கிறார்கள் என்று தெரியாது.

காலண்ட்லியில் (நேரம் முன்பதிவு செய்யும் இணையச் சேவை) இதைக் குழு நிகழ்வாக வைத்திருக்கிறேன். முதலில் சேரும் பிள்ளை எந்தப் பாடம் வேண்டும் என்று அங்கேயே ஒரு பெட்டியில் எழுத வேண்டும். அதுவே அந்த வாரப் பாடம். அது என் வேர்ட்பிரஸ் தளத்தில் தானாகப் பதிவாக ஏறிவிட்டால் மற்றவர்களும் பார்த்துச் சேர்வார்கள் என்று நினைத்தேன். நடுவில் என்8என், ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைத் தானாகக் கடத்தும் கருவி. காலண்ட்லி அறிவிப்பைப் பிடிக்கும் ட்ரிக்கர் நோடு ஒன்று, வேர்ட்பிரஸின் ஆர்இஎஸ்டி ஏபிஐக்கு (வெளிக் கருவிகள் பதிவு போடும் வாசல்) அனுப்பும் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடு ஒன்று. இரண்டே பெட்டி, ஒரு கோடு. இதில் என்ன தப்பு நடந்துவிடும்!

வாரம் முழுக்கத் தளத்தில் ஒன்றும் வரவில்லை. என்8என்னில் எல்லாம் பச்சை டிக். சனிக்கிழமை சரியாக ஆறு மணிக்கு, நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, ஒன்பது பதிவும் ஒன்றாகக் குதித்தன. ஒன்பது பிள்ளைகள், ஒன்பது பதிவு. எல்லாவற்றிலும் நேரம் 12.30 என்று இருந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. பெட்டியில் எழுதுவதை அப்படியே தலைப்பாக்கியிருந்தேன். ஒரு பையன், "தொடுகோடு சார். போன பரீட்சைல 23தான், அப்பாகிட்ட இன்னும் சொல்லல" என்று எழுதியிருக்கிறான். அது தளத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் நின்றது. நாலு நிமிஷத்தில் அழித்துவிட்டேன். ஆனாலும் வகுப்பு முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

எங்கே கோட்டைவிட்டேன்?

இரவுக்காவல்:

சார், இது ஒரு தப்பு இல்லை, மூன்று. ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன.

முதலில் ஒன்பது பதிவு. உங்கள் ட்ரிக்கர் நோடு பிடிப்பது "இன்வைட்டீ கிரியேட்டட்" (ஒருவர் சேர்ந்தார்) என்ற அறிவிப்பு. அது வகுப்புக்கு ஒரு தடவை வருவதில்லை, ஆளுக்கு ஒரு தடவை வரும். தனி ஆள் சந்திப்பில் இரண்டும் ஒன்றுதான், அதனால் வித்தியாசம் தெரியாது. குழு நிகழ்வில்தான் மாட்டிக்கொள்வோம். வருகிற தகவலுக்குள் ஷெட்யூல்டு ஈவென்ட் என்ற பகுதியில் யுஆர்ஐ (அந்த வகுப்பின் முகவரி) இருக்கும். அதன் கடைசித் துண்டு ஒரு நீள எண்ணெழுத்துக் கோவை. ஒரே வகுப்பில் சேரும் எல்லோருக்கும் அது ஒன்றாகவே இருக்கும். அதுதான் உங்கள் வருகைப்பதிவேட்டு எண். அதையே பதிவின் ஸ்லக்காக, அதாவது பதிவு முகவரியின் கடைசிப் பகுதியாக, கொடுங்கள். பதிவை உருவாக்கும் முன், அந்த ஸ்லக்கோடு ஏதாவது இருக்கிறதா என்று வேர்ட்பிரஸிடம் கேளுங்கள். கேட்கும்போது ஸ்டேட்டஸ் எனி என்று சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் வெளியான பதிவுகளை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடும், வரைவில் இருப்பது அதன் கண்ணில் படாது. பதில் காலியாக வந்தால் மட்டும் உருவாக்கு, அவ்வளவுதான். காலியாக வந்தாலும் அடுத்த நோடு ஓட வேண்டும் என்பதால், தேடும் நோடின் அமைப்பில் "எப்போதும் வெளியீடு கொடு" என்பதைப் போட்டுவையுங்கள்.

இரண்டாவது, ஆறு மணிக் குதி. வகுப்பு தொடங்கும் நேரத்தைப் பதிவின் தேதிப் புலத்தில் போட்டிருக்கிறீர்கள், பந்தயம். வேர்ட்பிரஸுக்குத் தேதி என்றால் பதிவு வெளியாகும் தேதி. எதிர்காலத் தேதியோடு வெளியிடச் சொன்னால் அது பிழை காட்டாது. சமர்த்தாக "திட்டமிடப்பட்டது" என்று எடுத்து வைத்துக்கொள்ளும். என்8என் பக்கம் பச்சை டிக் வந்ததற்கு அதுதான் காரணம். அவர்கள் பொய் சொல்லவில்லை, பதிவு உருவானது உண்மை. சரியாக ஆறுக்கு வந்ததுகூட உங்கள் யோகம். திட்டமிட்ட பதிவை வெளியிடும் டபிள்யூபி கிரான் என்ற உள் வேலையாள், தளத்துக்கு யாராவது வந்தால்தான் விழிக்கும். ஆள் வராத தளத்தில் ஏழு மணிக்குக்கூட வந்திருக்கலாம். தேதிப் புலத்தையே எடுத்துவிடுங்கள். வகுப்பு நேரம் தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் இருந்தால் போதும்.

மூன்றாவது 12.30. காலண்ட்லி நேரத்தை யுடிசியில்தான் (உலகப் பொது நேரம், நம் மாலை 6 மணி அதில் 12.30) தரும், கடைசியில் ஒரு இசட் இருக்கும். நீங்கள் அந்த எழுத்துச் சரத்திலிருந்து மணியை மட்டும் வெட்டி எடுத்திருப்பீர்கள். வெட்டாதீர்கள், நேரமாகவே மாற்றுங்கள். இதிலும் ஒரு குழி உண்டு. என்8என்னைச் சொந்தமாக நிறுவியிருந்தால் அதன் இயல்பு நேர மண்டலம் நியூயார்க். ஒர்க்ஃப்ளோ அமைப்பில் உங்கள் மண்டலத்தைத் தேர்ந்தெடுக்காமல் மாற்றினால் 12.30 போய்க் காலை 8.30 வரும், குளிர்காலத்தில் 7.30. இன்னொன்று: வருகிற தகவலிலேயே டைம்ஸோன் என்று ஒரு புலம் இருக்கும். அது சேருகிற பிள்ளையுடைய மண்டலம், உங்களுடையது இல்லை. தொடாதீர்கள்.

தட்டச்சுப்பூனை:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் நான் அந்த 23 மார்க் பையனைப் பற்றித்தான் பேசுவேன்.

வெளி ஆள் எழுதும் எதையும் நேராக வெளியிடக் கூடாது. இயந்திரம் வரைவாக மட்டும் போடட்டும், வெளியிடும் பொத்தானை நீங்கள் அழுத்துங்கள். வாரத்துக்கு ஒரு சொடுக்கு, ஒன்றும் குறைந்துவிடாது. அதோடு காலண்ட்லியில் அந்தத் திறந்த பெட்டியை எடுத்துவிட்டு, தேர்ந்தெடுக்கும் பட்டியலாக மாற்றுங்கள்: முக்கோணம், வட்டம், தொடுகோடு, நாற்கரம். தனியாக ஏதாவது சொல்ல விரும்பும் பிள்ளைக்கு இன்னொரு பெட்டி வையுங்கள், அதை என்8என் தொடவே கூடாது. பெயர், மின்னஞ்சல் இரண்டையும் அது தொடக் கூடாது.

நீங்கள் எந்தக் கணக்கில் வேர்ட்பிரஸுக்குள் போகிறீர்கள்? நிர்வாகிக் கணக்காக இருந்தால் மாற்றுங்கள். தனியாக ஒரு பயனர், ஆசிரியர் (ஆத்தர்) என்ற பொறுப்பு, அவருக்கு ஒரு அப்ளிகேஷன் பாஸ்வேர்டு (வெளிக் கருவிகளுக்கான தனிக் கடவுச்சொல்). 5.6 பதிப்பிலிருந்து இது உள்ளேயே இருக்கிறது. பங்களிப்பாளர் பொறுப்பு இன்னும் பத்திரம்தான். ஆனால் வெளியான பிறகு அவரால் தன் பதிவையே திருத்த முடியாது. வகுப்பு ரத்தானால் மாட்டிக்கொள்வீர்கள்.

கோணமானி:

இரவுக்காவல், பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். தேதிப் புலத்தில்தான் போட்டிருந்தேன். எழுத்தையும் வெட்டித்தான் எடுத்தேன், பெருமையோடு.

பூனை, நிர்வாகிக் கணக்குதான். மாற்றிவிட்டேன். புதுப் பயனரோடு போனதும் 401 (உள்ளே விட மாட்டேன் என்ற பிழை) வந்தது. அரை நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது, அப்ளிகேஷன் பாஸ்வேர்டுக்குப் பதில் அந்தப் பயனர் உள்நுழையும் சாதாரணக் கடவுச்சொல்லைப் போட்டிருக்கிறேன். கூட்டலில் தப்புப் பண்ணும் பிள்ளையை இனிமேல் முறைக்க மாட்டேன்.

ரத்து விஷயம் இப்போது குழப்புகிறது. ஒரு பிள்ளை வரவில்லை என்று விலகினால் பதிவை எடுக்கக் கூடாது, எல்லோரும் விலகினால் எடுக்க வேண்டும். அதை எப்படிப் பிரிப்பது?

இரவுக்காவல்:

401 பற்றி ஒரு வார்த்தை, பின்னால் வருகிறவர்களுக்கு. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் அது வந்தால், சர்வர் ஆத்தரைசேஷன் ஹெட்டரை (கடவுச்சொல்லைச் சுமந்து போகும் பகுதி) வழியிலேயே விழுங்குகிறதா என்று பாருங்கள். சில ஹோஸ்டிங்கில் அப்படி நடக்கும்.

ரத்துக்கு: "இன்வைட்டீ கேன்சல்டு" வந்ததும் அந்த யுஆர்ஐயைக் கொண்டு காலண்ட்லியிடம் நிகழ்வைத் திரும்பக் கேளுங்கள். இன்வைட்டீஸ் கவுண்ட்டர் என்று ஒன்று வரும், அதற்குள் ஆக்டிவ் எண். பூஜ்ஜியமானால் பதிவை வரைவுக்குத் திருப்புங்கள், இல்லையென்றால் சும்மா விடுங்கள். ஒருவர் வேறு வாரத்துக்கு மாற்றிக்கொண்டால் பழையதற்கு ஒரு ரத்தும் புதியதற்கு ஒரு சேர்க்கையும் தனித்தனியாக வரும். இந்த எண்ணைப் பார்த்தால் அதுவும் தானாகச் சரியாகிவிடும்.

இரண்டு பேர் ஒரே நொடியில் சேர்ந்தால் இரட்டைப் பதிவு வர வாய்ப்பு உண்டு. வரைவுதானே, ஒன்றை அழித்துவிடுங்கள். அதற்காகத் தனியாக ஒரு வரிசை கட்டச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள்.

கோணமானி:

இந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏழு பேர், ஒரு வரைவு, மாலை 6.00. வியாழக்கிழமை வெளியிட்டேன், அதைப் பார்த்து மூன்று பேர் கூடுதலாக வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒருவன் விலகினான், பதிவு அசையவில்லை.

முதல் சோதனையில் மட்டும், பதிவு இருக்கிறதா இல்லையா என்று பிரிக்கும் இஃப் நோடில் உண்மைக் கோட்டையும் பொய்க் கோட்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். அதனால் பதிவு ஏற்கெனவே இருந்தால் மட்டும் இன்னொன்று போட்டது. முதலில் ஒன்றுமே இல்லாததால் கடைசிவரை ஒன்றுமே வரவில்லை. அதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிஷம்.

பட்டியலில் தொடுகோட்டைத்தான் தேர்ந்தெடுத்திருந்தான் அந்தப் பையன். தனிப் பெட்டியில், "சார், சொல்லிட்டேன்" என்று மட்டும் இருந்தது.